நடத்தை: நன்று

பதினேழு வருடமாக அந்தக் கட்டத்தில்
ஒரே சொல்லைத்தான் எழுதி வருகிறேன்.
நன்று.
பெஞ்சுக் காலை உடைத்தவனுக்கும் நன்று,
வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியவனுக்கும் நன்று,
ஐந்து வருடம் வாயே திறக்காமல்
கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போன
சண்முகவடிவுக்கும் அதே நன்று.
வேறெதுவும் எழுதினால்
அடுத்த பள்ளியில் சேர்க்க மாட்டார்கள்.

முக்கூடலில் மே மாதத்து மின்விசிறி
மேலே இருக்கும் சூட்டை அள்ளி
நம் தலையிலேயே ஊற்றும்.
அப்படி ஒரு மதியம்
தலைமையாசிரியரிடமிருந்து ஒரு துண்டுத்தாள்.
ஒன்பது பெயர்கள், ஒன்பதாம் வகுப்பு.
தலைப்பு இல்லை.
எனக்கு வேண்டியதும் இல்லை:
ஒருவனும் கணக்கில் இருபதைத் தாண்டவில்லை.
விலகும் காரணம்?
'பெற்றோர் விருப்பப்படி'ன்னு போடுங்கம்மா.

வாசலில் அப்போதுதான் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
பத்தாம் வகுப்பில் தொடர்ந்து ஐந்தாம் ஆண்டாக
நூறு சதவீதத் தேர்ச்சி.
போன வருடம் விலகிய பதினொரு பேர்
அந்த நூறில் இல்லை.
அவர்களுக்கும் நான்தான் எழுதினேன்.

ஏழாவது பெயர் மாசானமுத்து.
தாமத வருகைப் பதிவேட்டில்
அவனுக்கென்று ஒரு பக்கமே உண்டு.
நாற்பத்தொரு நாள்.
பீடிக்கடை, பீடிக்கடை, பீடிக்கடை,
ஒரே ஒரு நாள் மட்டும் வயிற்றுவலி.
பி.டி. சார் கேட்டிலேயே முட்டுப்போட வைப்பார்.
முதல் பீரியட் முடிந்து
முழங்கால் மண்ணோடு என் ஜன்னலைக் கடக்கும்போது
'குட்மார்னிங் டீச்சர்' என்பான்.
நான் டீச்சர் இல்லை.

அவன் அம்மாவும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.
சேலையில் தூள் நெடி.
'ஆறரைக்குக் கடைக்குப் போனாத்தான் டீச்சர்
நல்ல இலையாக் கெடைக்கும்.
பிந்திப் போனா ஓட்டை இலையாப் பாத்துக் குடுக்கான்.
அதுக்குத்தான் இவன அனுப்புனேன்.
இனிமே நான் போயிக்கிடுதேன்.
இவன் இங்கனயே எழுதட்டும்.'

பேனாவை மூடினேன். திறந்தேன்.
'விருப்பப்படி'க்கு நேரே
கையெழுத்துப் போடச் சொன்னேன்.
ஆ என்று எழுதி
அடுத்த எழுத்துக்குக் கொஞ்சம் யோசித்து
ஆவுடையம்மாள் என்று முழுதாக எழுதி முடித்தாள்.
அவசரமே படவில்லை.

அங்க அடையாளம் இரண்டு வேண்டும்.
ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எழுதியது:
இடது முழங்கையில் மச்சம்,
வலது புருவத்தில் தழும்பு.
சரிபார்க்கக் கையை நீட்டச் சொன்னேன்.
மச்சம் இருந்தது.
கட்டைவிரலில் கத்தரி கிழித்த கோடு ஒன்றும் இருந்தது.
குனிந்தபோது பார்த்தேன்,
இரண்டு முழங்காலிலும் தோல் காய்த்திருந்தது.
சேரும்போது இல்லாதவை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

நடத்தை: நன்று.
சீல் வைத்துக் கொடுத்தேன்.
ஊதா மை காயும் முன்னே மடித்துவிட்டான்.
பள்ளியின் பெயர் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது,
இடவலம் மாறி.
'வாறேன் டீச்சர்.'

ஆனியில் ஒரு நாள்
ஆலங்குளத்துப் பள்ளியிலிருந்து ஃபோன்.
அங்கேயும் என்னைப்போல ஒருத்திதான் போலிருக்கிறது,
பேச்சுக்கு நடுவே யாருக்கோ சீல் வைக்கும் சத்தம்.
பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன்.
மச்சம், தழும்பு, எல்லாம் ஒத்துப்போனது.
வைக்கப்போகும் நேரத்தில்
'நடத்தை நன்றுன்னு போட்ருக்கிய,
பெறகு எதுக்குக்கா அனுப்புனிய?'

இங்க காத்து பலமா அடிக்கு,
ஒண்ணும் கேக்கல என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே
கொடிமரத்துக் கயிறு ஆடாமல் தொங்கியது.
ஹலோ என்றாள்.
ஹலோ என்றேன்.